துவைகல் தண்ணீர்

பொங்கல் முடிந்து, கரிநாளும் கழிந்து, தெருவில் கிடக்கும் கரும்புச் சக்கை காய்ந்த பிறகுதான் அம்மா கடப்பாரையைத் தொடுவாள். அதுவரை அவள் தோட்டத்துக்குள் போவது அவரைக்காய் பறிக்க மட்டும். ஆடியில் போட்ட அவரை, மார்கழிப் பனியில்தான் கொத்துக் கொத்தாய்ப் பிடிக்கும். தை பாதி ஆனதும் இலை பழுத்துக் கொடி முறுக்கிக்கொள்ளும். ஒருநாள் காலையில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, "போதும் இது, பிடுங்குங்கடா" என்பாள். நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுப்போம். காய்ந்த கொடி சவுக்கு மிளாரோடு சேர்ந்து பெயர்ந்து வரும். அதற்குள் ஒளிந்திருந்து முற்றிப்போன நெற்றுகளைப் பொறுக்கி அக்கா பாவாடையில் கட்டிக்கொள்வாள். அது அடுத்த ஆடிக்கு. தையில் அவரை போட்டால் என்ன என்று யாராவது கேட்டால், "கொடிதான் ஓடும், காய் வராது" என்று அம்மா சொல்வாள். பகல் நேரம் குறுகினால்தான் பந்தல் அவரை பூ எடுக்கும் என்பதைப் பல வருடம் கழித்துப் படித்தபோது, அம்மா சொன்னதற்குச் சான்று கிடைத்த சந்தோஷம் எனக்கு. அவளுக்குச் சான்று தேவைப்பட்டதில்லை.

எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. விழுப்புரம் அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊர். கலெக்டரைப் பார்க்கவேண்டுமானால் கடலூர் போகவேண்டும். தனி மாவட்டமானது 1993இல். ஆனால் ரயிலைப் பொறுத்தவரை அது அன்றைக்கே பெரிய ஊர். மெட்ராஸ், திருச்சி, மாயவரம், காட்பாடி, பாண்டிச்சேரி என்று ஐந்து திக்குக்கு மீட்டர் கேஜ் பாதை பிரியும். 1965லேயே தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை மின்சாரக் கம்பி வந்துவிட்டது. அதற்குத் தெற்கே கம்பி கிடையாது. ஆகவே மெட்ராஸ் பக்கமிருந்து மின்சார இன்ஜின் இழுத்துவரும் வண்டிகளுக்கு இங்கே நீராவி இன்ஜினோ டீசலோ மாட்டுவார்கள். அந்த நேரத்தில் பிளாட்பாரத்தில் வெள்ளரிப்பிஞ்சும் அவித்த கடலையும் கூடைகூடையாய் விற்றுத் தீரும். அப்பாவுக்கு அந்த ஸ்டேஷனில் வேலை. எங்களுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ். வீடு சின்னது, பின்னால் மதில் வரைக்கும் கிடந்த வெற்றிடம் வீட்டைப்போல மூன்று மடங்கு.

அந்த இடத்தை முழுக்க எங்களுடையது என்று சொல்லமுடியாது. குவார்ட்டர்ஸ் மரங்கள் எல்லாமே யாரோ வைத்தவை. மூலையில் இருந்த முருங்கையும் துவைக்கிற கல்லுக்கு நிழல் தந்த கொய்யாவும் எங்களுக்கு முன்னால் இருந்த குடும்பத்தின் சொத்து. அவர்கள் யார் என்றே தெரியாது. ஆனால் கொய்யாப்பழம் பறிக்கும்போதெல்லாம் அம்மா, "புண்ணியவதி, நல்ல ஜாதியாப் பாத்து வச்சிட்டுப் போயிருக்கா" என்பாள். வைத்தது ஒரு பெண்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

பள்ளிக்கூடப் பாடத்தில் வசந்த காலம் என்று ஒன்று வரும். மரம் துளிர்க்கும், குயில் கூவும், தென்றல் வீசும். எங்கள் ஊரில் அந்த மாதங்களில் தோட்டம் வைத்தவர்களுக்குக் குயிலைக் கேட்க நேரமில்லை. தையில் விதைத்தது சித்திரைக்குள் காய்த்துத் தீரவேண்டும். ஆடிப்பட்டத்துக்கு மழை பின்னாலேயே துணைக்கு வரும். தைப்பட்டத்துக்கு வெயில் எதிரே வரும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்ததுதான் எங்கள் பக்கத்துக்கு வருட மழை. தையில் கிணற்றை எட்டிப் பார்த்தால் முகம் தெரியும். மாசியில் கயிற்றுக்கு ஒரு முழம் கூட்டவேண்டும், பங்குனியில் இன்னும் கூட. சித்திரைக் கடைசியில் வாளி அடித்தரையில் மோதும் சத்தம் கேட்கும். அந்தக் கயிற்றின் நீளம்தான் எங்கள் தோட்டத்துக்குப் பஞ்சாங்கம்.

குழாய்த் தண்ணீர் காலையும் மாலையும் கொஞ்ச நேரம் வரும். அது குடிக்க, சமைக்க. கிணறு லைனில் உள்ள எல்லா வீட்டுக்கும் பொது. ஆகவே தோட்டத்துக்கு நிச்சயமாய்க் கிடைப்பது துவைத்த தண்ணீரும் குளித்த தண்ணீரும். துவைக்கிற கல்லுக்குக் கீழே அப்பா செங்கல் வைத்துச் சின்னத் தொட்டி கட்டி, அதிலிருந்து இரண்டு வாய்க்கால் பிரித்திருந்தார். சோப்பு நுரைத்துக்கொண்டு வரும் முதல் தண்ணீர் வாழைக்கும் கல்வாழைக்கும். அலசின தண்ணீர் பாத்திக்கு. வாய்க்கால் வாயை அடைக்க ஒரு கிழிந்த சாக்கு. அம்மா "முதத் தண்ணி" என்றால் சாக்கை வலது பக்கம் அடைப்பேன், "அலசுறேன்" என்றால் இடது பக்கம். பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்திலும் இந்த மடை வேலையில் எனக்குத் தனிப் பெருமை இருந்தது. அரிசி களைந்த கழுநீர் தனி. புளித்த மோர் கலந்து கறிவேப்பிலைக்குப் போகும். மீன் கழுவின தண்ணீருக்கு மட்டும் இரண்டு பேர் போட்டி.

அந்த இரண்டாவது ஆள் அத்தை. அப்பாவின் தங்கை. கல்யாணத்துக்கு முன்னால் எங்களோடு இருந்தாள், டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்வந்துகொண்டு. தோட்டத்தில் மதில் ஓரம் முழுக்க அவள் ராஜ்ஜியம். கனகாம்பரம், சாமந்தி, மரிக்கொழுந்து, அந்திமந்தாரை, காசித்தும்பை, வாசல் பக்கம் பந்தலேறின முல்லை, கேட்டுக்கு அருகில் குண்டுமல்லி. அம்மாவுக்குக் காய், அத்தைக்குப் பூ. அலசின தண்ணீர் ஒன்றுதான்.

"அண்ணி, கனகாம்பரம் தலை தொங்கிக் கெடக்குது. ஒரு மடை விடுங்க."

"கனகாம்பரத்த வச்சு கொழம்பா கூட்டப் போறே?"

"பொடலங்காயத் தலையில வச்சிக்கினு கோயிலுக்குப் போவ முடியுமா?"

அப்பா ஒருநாள் தீர்ப்பு சொன்னார்: காலைத் தண்ணீர் காய்க்கு, சாயங்காலத் தண்ணீர் பூவுக்கு. கேட்கச் சமமாய் இருந்தது. எங்கள் வீட்டில் துணி துவைப்பது காலையில்தான், சாயங்காலம் முகம் கழுவின தண்ணீர் மட்டும்தான் விழும் என்பதை அத்தை ரெண்டே நாளில் கண்டுபிடித்தாள். மூன்றாம் நாளிலிருந்து தன் தாவணி, பாவாடையை மட்டும் எடுத்துவைத்து, வகுப்பு முடிந்து வந்து சாயங்காலம் துவைக்கத் தொடங்கினாள். துவைத்ததையே திரும்பத் துவைக்கிறாள் என்று அம்மா அப்பாவிடம் புகார் சொன்னாள். அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

விதைக்கு நாங்கள் கடைக்குப் போனதில்லை. தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சர் ஏறித் திண்டிவனம். ஆயா வீடு அங்கிருந்து உள்ளே. முண்டியம்பாக்கம் வந்தால் சர்க்கரை ஆலையிலிருந்து வெல்லப்பாகு வாசனை ஜன்னல் வழியாய்ப் பெட்டிக்குள் ஏறும். ஸ்டேஷனை ஒட்டிக் கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அப்புறம் விக்கிரவாண்டி, பேரணி. பாதையின் இருபக்கமும் பனை. மயிலம் வந்ததும் அம்மா எழுந்து நின்று குன்றுப் பக்கம் திரும்பிக் கும்பிடுவாள், நாங்களும் கும்பிடவேண்டும். 2024இல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது அதே மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியதாய்ச் செய்தி வந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன். "நம்ம அம்மா இருந்திருந்தா அதையும் குடத்துல பிடிச்சு வச்சிருப்பாங்க" என்றாள்.

திண்டிவனத்தில் இறங்கினால் மண் நிறம் மாறிவிடும். தாத்தா கொல்லை செம்மண். மார்கழியில் இறவையில் போட்ட மல்லாட்டை தையில் மஞ்சள் பூ எடுத்து நிற்கும். பூ உதிர்ந்த இடத்திலிருந்து ஊசி மாதிரி ஒன்று கீழே இறங்கி மண்ணுக்குள் நுழைவதை முழங்காலில் உட்கார்ந்து எனக்குக் காட்டியவர் தாத்தா. "பூக்கிறது வெளிய, காய்க்கிறது உள்ள. இதுக்கு மட்டும்தான் இந்தப் புத்தி" என்பார். வேர்க்கடலை என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அந்தப் பக்கத்தில் அது மல்லாட்டைதான். திண்டிவனத்தில் உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றி அவர் பேசினால் அது தன் பங்காளி வீடு என்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அங்கிருந்து 1940இல் வெளிவந்த டி.எம்.வி. 2 ஆந்திரா, கர்நாடகா வரைக்கும் போய்ப் பல பத்தாண்டு விளைந்த ரகம். டி.எம்.வி. 7 வந்தது 1967இல். தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் இந்த எழுத்தும் எண்ணும் மட்டும் இங்கிலீஷில் சுத்தமாய் வரும். "நம்ம ஊரு பேர்ல வெத ஓடுதுடா" என்பார்.

காய்கறி விதைக்கு எந்த நிலையமும் கிடையாது, ஆயாதான். சமையல்கட்டுச் சுவரில் புகை படும் உயரத்தில் வரட்டி தட்டியிருக்கும். அது எரிக்க அல்ல. பரங்கி விதையைச் சாணியில் பதித்துச் சுவரில் அடித்து வைத்திருப்பாள். வேண்டும்போது பெயர்த்து உடைத்தால் விதை அப்படியே வெள்ளையாய் இருக்கும், ஒரு பூச்சி தொட்டிருக்காது. பீர்க்கங்காய் முற்றி நாராகித் தாழ்வார விட்டத்தில் தொங்கும். ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். கத்தரிக்குப் பழுத்து மஞ்சளான காயைப் பிசைந்து தண்ணீரில் விடுவாள். மிதப்பதை வீசிவிட்டு, அடியில் தங்கினதை விறகுச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்துவாள். எந்தக் காயை விதைக்கு விடுவது என்பதில் அவள் சட்டம் கறாரானது: "மொதக் காயையும் விடாத, கடைசிக் காயையும் விடாத. செடி திமிரா நிக்கிறப்ப நடுவுல வர்றத விடு." விதையெல்லாம் பழைய வேட்டித் துணியில் முடிச்சு முடிச்சாய்க் கட்டி, முடிச்சுக்கு முடிச்சு வேறு நிற நூல் சுற்றித் தருவாள். பச்சை நூல் பாகல், சிவப்பு நூல் தண்டுக்கீரை. நூல் தீர்ந்துபோன வருடம் முடிச்சுப் போடும் விதத்தை மாற்றிக் கொடுத்தாள். அம்மாவுக்கு அதுவும் புரிந்தது.

திரும்பி வரும்போது விதையோடு இரண்டு சாக்கு. ஒன்றில் மல்லாட்டைப் பிண்ணாக்கு, இன்னொன்றில் ஆட்டுப் புழுக்கை. பாசஞ்சர் வண்டியில் அந்த இரண்டாவது சாக்கை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு அம்மா நிம்மதியாய் உட்கார்ந்துவிடுவாள். எவ்வளவு கூட்டமான வண்டியிலும் எங்களுக்குக் கால் நீட்ட இடம் கிடைத்தது.

விதைக்கிற நாள் சாயங்காலமாய்த்தான் இருக்கும். பாத்தியை அம்மா கட்டுவாள். கட்டியைக் கையால் பொடித்துவிடுவது எங்கள் வேலை. கீரை விதை கடுகைவிடச் சின்னது. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிக் குவிந்துவிடும். ஒரு பங்கு விதைக்கு நாலு பங்கு மணல் கலந்து, உள்ளங்கையைக் குவித்து விரலிடுக்கு வழியே அம்மா விடுவாள், கோலப்பொடி விடுகிற அதே கை. விதைத்துத் தண்ணீர் தெளித்த கையோடு பாத்தி ஓரத்தில் சுற்றிலும் அரிசி நொய் போடுவாள். எறும்புக்கு. இரவெல்லாம் அது கீரை விதையைத் தூக்கிப் போகாமல் நொய்யைத் தூக்கிக்கொண்டு போகும். "அதுக்கும் வேல குடுத்தாச்சு, நமக்கும் வெத நின்னுச்சு." மூன்றாம் நாள் காலையில் குனிந்து பக்கவாட்டில் பார்த்தால்தான் தெரியும்: மண்மேல் சிவப்பாய் ஒரு பூச்சு. நேராய் மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே இருக்காது.

கத்தரி நாற்றை எடுத்து நடுவது இன்னும் பதவிசான வேலை. நாற்றங்காலில் முதல்நாளே தண்ணீர் காட்டி, வேரில் மண் பிடித்திருக்கப் பெயர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு நடவேண்டும். நட்ட ஒவ்வொரு நாற்றுக்கும் ஒரு பூவரச இலையைக் கூம்பாய்ச் சுற்றித் துடைப்பக்குச்சி குத்திக் குடை. அதற்கான இலை பறிக்க நான் ஸ்டேஷன் ரோடு வரை போவேன். காலையில் இலை சுருண்டிருக்கும், உள்ளே நாற்று நிமிர்ந்திருக்கும். மூன்று நாள் இப்படிக் குடை மாற்றினால் பிறகு அது தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும்.

லோகோ ஷெட்டில் கரிச்சாம்பல் மலையாய்க் கிடக்கும். வெந்த கரிக்கட்டியும் சாம்பலும் கூடைகூடையாய்க் கொண்டுவந்து குவார்ட்டர்ஸ் நடைபாதை முழுக்கப் போட்டிருந்தார்கள். மழையிலும் சேறு ஆகாது, வெறுங்காலோடு ஓடினால் மட்டும் பாதம் கிழியும். அப்பாவின் நண்பர் ஒருவர் அன்போடு இரண்டு கூடை எங்கள் தோட்டத்துக்கும் அனுப்பிவைத்தார். அம்மா அதை அப்படியே பாதையில் கொட்டச் சொல்லிவிட்டாள். "அது வெந்த கல்லு. அடுப்புச் சாம்பல் வேற, இது வேற." விறகுச் சாம்பலுக்குத்தான் செடியிடம் மரியாதை. பரங்கியும் வெள்ளரியும் இரண்டு இலை விட்டதும் சிவப்பு வண்டு வந்து சல்லடை ஆக்கிவிடும். பனி காயாத விடியற்காலையில், பழைய பனியனில் சாம்பலைக் கட்டி, செடிமேல் உதறிக்கொண்டே போவோம். பனியில் சாம்பல் ஒட்டிக்கொள்ளும், வண்டுக்கு வாய் வைக்கப் பிடிக்காது. வேலை முடிந்து பார்த்தால் செடியும் நாங்களும் விபூதி பூசிக்கொண்டு நிற்போம்.

மாசி பிறந்தால் வெண்டையும் கொத்தவரையும் பூவெடுக்கும். மகாசிவராத்திரி கழிந்த மறுநாள் மயானக் கொள்ளை. செஞ்சிக்கு வடக்கே மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அது பெரிய திருவிழா. எங்கள் ஊரிலும் அம்மன் புறப்பாடு உண்டு. விளைந்ததில் ஒரு பங்கை, காயோ தானியமோ வேகவைத்த பயறோ, அம்மனுக்கு வாரி இறைப்பார்கள். கூட்டத்துக்கு மேலே மிளகாயும் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் பறக்கும். கீழே விழுந்ததைப் பிடித்துக்கொண்டு போய் நிலத்திலும் களஞ்சியத்திலும் வைத்தால் விளைச்சல் கூடும் என்பது நம்பிக்கை. எங்கள் வெண்டை அந்த நாளில் பிஞ்சாகத்தான் இருக்கும். ஆனாலும் அம்மா ஒரு கைப்பிடி பறித்து, கீரைக்கட்டோடு சேர்த்து அப்பாவிடம் கொடுத்து வீசச் சொல்வாள். ரயில்வே உத்தியோகஸ்தர் கூட்டத்தில் நின்று வெண்டைக்காய் வீசுவதில் அப்பாவுக்குக் கூச்சம். ஆகவே அவர் தோளில் நான் உட்கார்ந்து வீசினேன். ஆயிரம் கை நீட்டிக்கொண்டிருக்கும் கூட்டத்தின் மேல் நம் வீட்டு வெண்டைக்காயை விட்டெறிவது என்ன சந்தோஷம் என்பது வீசினவர்களுக்குத்தான் தெரியும்.

புடலைப் பந்தல்தான் எங்கள் தோட்டத்தின் நடு. நாலு சவுக்குக் கழி நட்டு, குறுக்கே கயிறு பின்னி, மேலே பனமட்டை. புடலைப் பூ சாயங்காலத்துக்கு மேல்தான் விரியும். வெள்ளை இதழைச் சுற்றி நூல் நூலாய்ப் பிரிந்து, இருட்டில் பந்தல் முழுக்க ஜரிகை தொங்கும். முதலில் வருவதெல்லாம் பொய்ப்பூ. காம்பு மட்டும் நீண்டு, பூத்து, உதிர்ந்துவிடும். ஒரு வாரம் பார்த்துப் பார்த்துச் சலித்த பிறகு, பூவுக்குக் கீழே குச்சி மாதிரிப் பிஞ்சோடு ஒன்று வரும். அதைப் பார்த்ததும், "அம்மா, அதோ" என்று விரல் நீட்டிவிட்டால் போச்சு, கையில் ஒரு அடி விழும். பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடுமாம். விரலை மடக்கி முட்டியால் காட்டவேண்டும். மகரந்தம் சேராத பிஞ்சும் பழ ஈ குத்தின பிஞ்சும் தானாகவே வெம்பி உதிரும். ஆனால் எங்கள் வீட்டில் அப்படி உதிர்ந்த ஒவ்வொன்றுக்கும் குற்றவாளி ஒருவன் உண்டு, பெரும்பாலும் நான்தான். பிஞ்சு முழ நீளம் ஆனதும் நுனியில் நூல் கட்டிச் சின்னக் கல்லைத் தொங்கவிடுவோம், வளையாமல் இறங்கட்டும் என்று. தண்டவாளப் பக்கத்து ஜல்லிக்கல்தான். பெரிய கல்லைக் கட்டினால் காய் அறுந்துவிடும், சின்னதைக் கட்டினால் கோணிக்கொள்ளும். எந்தப் பிஞ்சுக்கு எந்தக் கல் என்று அக்கா எடை பார்த்துப் பொறுக்குவாள். நீளமாய் வளர்ந்த காயைத் துண்டு போட்டு லைனில் எல்லா வீட்டுக்கும் அனுப்புவாள் அம்மா. கிண்ணம் திரும்பி வரும்போது காலியாய் வராது. ஒருவர் வீட்டு ஊறுகாய், இன்னொருவர் வீட்டுச் சர்க்கரை. காசாய்ப் பார்த்தால் அந்தத் தோட்டத்தில் லாபம் நஷ்டம் ஒன்றும் கணக்குக்கு வராது.

அத்தைக்குக் கணக்கு உண்டு. பிண்ணாக்கைப் பழைய குடத்தில் ஊறவைத்து, அது நுரைத்து நாறத் தொடங்கியதும் தண்ணீர் விட்டுக் கலந்து கனகாம்பரத்துக்கு ஊற்றுவாள். அன்று லைனில் யாரும் ஜன்னல் திறக்கமாட்டார்கள். பத்து நாளில் செடி கரும்பச்சையாகிக் கதிர் கதிராய் எழும்பும். பறித்துக் கட்டினதைப் பக்கத்து வீடுகளுக்கு முழக்கணக்கில் கொடுத்து, அந்தக் காசை டைப்ரைட்டிங் பரீட்சைப் பணத்துக்குச் சேர்த்தாள். அவளிடம் இருந்தது நாட்டுக் கனகாம்பரம். அதில் விதை பிடிக்கும். டெல்லி கனகாம்பரம் என்று அடர்ந்த நிறத்தில் ஒன்று யார் வீட்டிலோ பார்த்துவிட்டாள். அது விதை பிடிக்காத ஜாதி, குச்சி ஒடித்து வைத்தால்தான் உண்டு. கேட்டு வாங்கினால் வேர் பிடிக்காது, திருடி வைத்தால்தான் பிடிக்கும் என்பது ஊர் அறிந்த சாஸ்திரம். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து வரும் வழியில் அந்த வீட்டு வேலி ஓரம் அக்காவைப் பேச்சுக்கு நிறுத்திவிட்டு இரண்டு குச்சி ஒடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். பிடித்தும்விட்டது. பிறகு அந்த வீட்டம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, "அட, நம்ம வூட்டுதுபோலவே இருக்குதே" என்று சொல்லி, ஆசையாய் ஒரு முழம் காசு கொடுத்தே வாங்கிப்போனார்.

நாட்டுக் கனகாம்பரத்தில் எங்களுக்கு வேறு விளையாட்டு இருந்தது. பூ உதிர்ந்த கதிரில் பழுப்பாய்க் காய்ந்த காய்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை உருவி ஒரு தட்டில் போட்டு நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுவிட்டு மூச்சுப் பிடித்துக் காத்திருக்கவேண்டும். முதலில் ஒன்று 'டக்'கென்று வெடிக்கும், அப்புறம் படபடவென்று எல்லாம். விதை முகத்தில் தெறிக்கும். கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்த சாயங்காலம் மதில் ஓரம் முழுக்க இந்தச் சத்தம் கேட்கும். அதனால்தான் அத்தை வைக்காத இடத்திலெல்லாம் கன்று முளைத்தது. அம்மாவின் மிளகாய்ப் பாத்திக்குள்ளும். அம்மா அதைக் களை என்று பிடுங்குவாள், அத்தை அதை நாற்று என்று வாங்கிக்கொள்வாள். சண்டை இல்லாமல் முடிந்த விஷயம் அது ஒன்றுதான்.

பங்குனியில் குண்டுமல்லி. மார்கழியில் அதை அத்தை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு, தண்ணீர் காட்டாமல் பட்டினி போட்டிருப்பாள். பார்க்கப் பாவமாய் இருக்கும். தை கடைசியில் வேரைச் சுற்றிக் கொத்திப் புழுக்கை போட்டுத் தண்ணீர் விட்டால், மாசியில் துளிர், பங்குனியில் மொட்டு. மயிலத்தில் பங்குனி உத்திரத் தேர் ஓடும் வாரத்தில்தான் உச்சம். ஆயா தேருக்கு வந்து அப்படியே எங்கள் வீட்டுக்கும் வருவாள். விடியுமுன் எழுந்து ஆயா, அத்தை, அக்கா மூவரும் மொட்டு பறிப்பார்கள். வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து அத்தை கட்டுகிற வேகத்தில் விரல் தெரியாது. அந்த மாதம் அம்மா மல்லிக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று சொன்னதில்லை. தலை நிறைய வைத்துக்கொண்டு என்ன சொல்வாள்?

அதற்குப் பிறகு எல்லாம் இறங்குமுகம். வெண்டை இலையில் நரம்பு மஞ்சள் விழும்; வெயில் ஏற ஏற வெள்ளை ஈ பரப்புகிற நோய் அது, ஒரு செடிக்கு வந்தால் பாத்திக்கே வரும். கீரை பூத்துவிடும். கத்தரி மட்டும் பிடிவாதமாய் நிற்கும். பரங்கிக் கொடிக்கு அடியில் அம்மா ஒரு பழைய மண்பானையைப் புதைத்து, அடியில் சின்ன ஓட்டை போட்டுத் துணித்திரி செருகியிருந்தாள். அதில் ஒரு குடம் ஊற்றினால் இரண்டு நாளுக்குச் சொட்டுச் சொட்டாய் வேருக்குப் போகும். அக்கினி நட்சத்திரத்தில் அந்தப் பரங்கியைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் பச்சை. மற்ற பாத்திகளில் ஒவ்வொன்றிலும் ஒரு காயை விதைக்கு விட்டு, துணிக்கிழிசல் கட்டி அடையாளம் வைத்துவிட்டு, மிச்சத்தைப் பிடுங்கிக் குழியில் தள்ளுவோம்.

அப்படி ஒரு வைகாசியில்தான் அப்பாவுக்கு மாயவரம் மாற்றல் வந்தது. அத்தைக்கு அதற்குள் பரீட்சை முடிந்து, வரனும் முடிந்திருந்தது. சாமான் கட்டுகிற நேரத்தில் புதிதாய் வரப்போகிற குடும்பத்து அம்மா வீட்டைப் பார்க்க வந்தார்கள். அம்மா அவர்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் எல்லாம் சொன்னாள். எது முதல் தண்ணீர், எது அலசின தண்ணீர், சாக்கை எந்தப் பக்கம் அடைப்பது, கறிவேப்பிலைக்கு மோர், புடலைக்குக் கல், பரங்கிப் பானையில் எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்றுவது. அந்த அம்மா பொறுமையாய் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டிவிட்டு, "இங்க மாடு கட்ட எடம் பத்துமில்ல?" என்று கேட்டார்கள். அம்மாவுக்கு வாய் அடைத்துவிட்டது. அத்தைதான் சமாளித்தாள்: "தாராளமாப் பத்தும்மா. சாணி கெடைக்கும், ஆடிக்கு ஆகும்." ஆயாவின் நூல் சுற்றின முடிச்சுகளில் பாதியைப் பிரித்து அம்மா அவர்கள் கையில் கொடுத்தாள். எந்த நூல் எந்த விதை என்று மட்டும் சொல்லவில்லை. கோபத்தில் மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா, தெரியாது.

மீதிப் பாதி எங்களோடு தகரப் பெட்டியில் வந்தது. மாயவரத்தில் கிடைத்த வீட்டுக்குப் பின்னாலேயே வாய்க்கால். ஆடி பிறந்து காவிரித் தண்ணீர் வந்ததும் கரை தளும்ப ஓடியது. யாரிடமும் மடை கேட்கவேண்டாம். அம்மா பூரித்துப்போய்க் களிமண்ணைக் கொத்திப் பாத்தி கட்டி, ஆயா கொடுத்த கத்தரியை நட்டாள். ஐப்பசி அடைமழையில் வேரில் தண்ணீர் நின்று, செடி அத்தனையும் மஞ்சளடித்துச் சாய்ந்தது. விழுப்புரத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை ஒழுங்கு செய்தவள், முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டாள்:

"இவ்ளோ தண்ணியையும் எந்தப் பக்கமா வடிய விடறது?"